முதல் கட்டத்தில் எழுதாமல் விட்டது

அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். எங்கள் பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்புகளுக்குப் பொறுப்பான துணைத் தலைமையாசிரியை தேவகி டீச்சர், ஜன்னல் பக்கம், கையில் பென்சிலோடு. அவருக்கு எதிரே, தரணியின் வகுப்பாசிரியை ஷாமினி டீச்சர். அவர் பக்கத்தில் கணவர் பிரகாஷ். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மேசைக்கு அடியில் எட்டு வயது தரணி. வேன் இன்னும் வரவில்லை, அதனால் சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். ஐந்தாவது ஆள் நான், மாணவர் உதவியாளர். கதவருகில் நின்றிருந்தேன். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரவில்லை.

மேசைமேல் மூன்று பல்கலைக்கழகங்களின் தாள்களும், ஜாமீன் கையெழுத்துக்கு ஒரு பாரமும் இருந்தன. ஷாமினி டீச்சர் சிறப்புக் கல்வியில் பி.எச்.டி. செய்ய வேண்டும். எங்கே என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அன்று புதன்.

ஏழு வருடத்துக்கு முந்திய இந்த விஷயத்தை இப்போது எழுதுவதற்குக் காரணம் புனிதா என்ற புது டீச்சர். போன வாரம் போன் செய்தார். "அண்ணே, நானும் பி.எச்.டி. செய்யலாம்னு இருக்கேன். எந்த யுனிவர்சிட்டி நல்லதுன்னு ஷாமினி டீச்சர்கிட்ட கேட்டா, நாதன் அண்ணேகிட்ட கேளுன்னு சொல்றாங்க." நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தினவன். என்னிடம் ஏன் அனுப்பினார் என்று புனிதாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பதிலைப் போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் ஆரம்பம் பெரிதாக ஒன்றுமில்லை. பதினைந்து வயதில் படிப்பை விட்டேன். பட்டர்வொர்த்துக்கும் தாசேக் கெலுகோருக்கும் இடையில் ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். கண்டக்டர் வேண்டாத பஸ் வந்தபோது வேலை போனது. அப்புறம் கிடைத்ததைச் செய்தேன். முப்பத்து மூன்று வயதில், தீவில் ஒரு பள்ளியில் இந்த வேலை கிடைத்தது. பாகான் டாலாமிலிருந்து விடியலில் கிளம்பி, கடலைத் தாண்டும் பெரிப் படகைப் பிடித்து, ஜார்ஜ் டவுனில் இறங்கி நடப்பேன். இருபத்தேழு வருடம். பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போவது, ஊட்டுவது, ஓடினால் பிடிப்பது. ஒரு வாரப் பயிற்சி தந்தார்கள். மிச்சமெல்லாம் தேவகி டீச்சர்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு நாளும் பள்ளி முடிந்ததும் என் நோட்டுப் புத்தகத்தை வாங்குவார். ஒவ்வொரு பக்கமும் மூன்று கட்டம். முதல் கட்டத்தில், நடப்பதற்கு முன் என்ன இருந்தது. இரண்டாவதில், பிள்ளை என்ன செய்தது. மூன்றாவதில், அதன் பிறகு நாங்கள் என்ன செய்தோம். பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே படிப்பார். ஒரு சொல்லில் பென்சில் நின்றால் நான் பேனாவை எடுத்துக்கொள்வேன்.

"நாதன், 'கோபமாக இருந்தான்'னு எழுதியிருக்கீங்க. கோபத்த எங்க பார்த்தீங்க?"

"மூஞ்சில டீச்சர்."

"மூஞ்சில என்ன பார்த்தீங்க?"

"பல்லக் கடிச்சான்."

"அத எழுதுங்க. எத்தன தடவன்னும் எழுதுங்க."

அடித்துவிட்டு நான் திருத்தி எழுதும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவசரப்படுத்த மாட்டார். அடுத்த பெரி போய்விடுமே என்று எனக்குத்தான் மனம் அடித்துக்கொள்ளும். எனக்கு எதற்கும் மனம் அடித்துக்கொள்ளும். மின்விசிறி கழன்று விழுமோ, பிள்ளைக்குச் சோறு தொண்டையில் சிக்குமோ, வேன் டிரைவர் தூங்கிவிட்டாரோ என்று நாள் முழுக்க ஏதாவது ஓடும். "நாதன் அண்ணே பயந்த மாதிரியெல்லாம் நடந்திருந்தா, இந்தப் பள்ளிக்கூடம் எப்பவோ கடலுக்குள்ள போயிருக்கும்லா" என்பார் ஷாமினி டீச்சர்.

தரணி ஏழு வயதில் எங்கள் வகுப்புக்கு வந்தாள். பேச்சு கிடையாது. பாசி மணி கோப்பதில் அவளுக்கு நிகர் யாருமில்லை. சிவப்பு நான்கு, மஞ்சள் ஒன்று, மறுபடி சிவப்பு நான்கு. ஒரு நாள் காலை, பத்து மணிக்கு அடிக்கும் ஓய்வு மணிக்குச் சற்று முன், எழுந்து ஓடினாள். வகுப்பைத் தாண்டி, திறந்திருந்த கேட்டைத் தாண்டி, சாலையில் இறங்கிவிட்டாள். ஒரு லாரி நின்றது. நான் போய்த் தூக்கும்போது அவள் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். லாரிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி ஓட ஆரம்பித்தாள். பத்து மணிக்குச் சில நிமிடம் முன்பு எழுவாள், ஓடுவாள், பிடித்தால் மணிக்கட்டைக் கடிப்பாள். தோல் கிழிந்து, ஆறி, மறுபடி கிழிந்தது. அவள் அம்மா நீளக் கைச் சட்டை போட்டு அனுப்பினார். நான் மூன்று கட்டத்திலும் எழுதித் தள்ளினேன். முன்: விசிறிச் சத்தம். முன்: பக்கத்து வகுப்பில் பாட்டு. முன்: கேண்டீனிலிருந்து பொரிக்கும் வாசனை. விசிறியை நிறுத்தினோம். பாட்டை நிறுத்தச் சொன்னோம். பயனில்லை. ஆறு வாரம் இப்படியே போனது. இனி நம் பள்ளியில் வைத்திருக்க முடியாது, வேறு இடம் பார்க்கச் சொல்லலாம் என்று தலைமையாசிரியர் பேச ஆரம்பித்திருந்தார்.

ஷாமினி டீச்சர் என் நோட்டை இரண்டு நாள் வீட்டுக்கு எடுத்துப் போனார். திரும்பக் கொண்டுவந்தபோது செவ்வாய், வியாழன் பக்கங்களில் மட்டும் காகிதம் செருகியிருந்தார்.

"அண்ணே, செவ்வாயும் வியாழனும் இவ ஓடவே இல்ல. கவனிச்சீங்களா?"

"அன்னிக்கு நான் கிளாஸ்ல இல்ல டீச்சர். ஆபீஸ்ல நகல் எடுக்கப் போயிருவேன். என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

"ஒன்னும் நடக்கல. மணி கோத்துக்கிட்டு இருந்தா." காகிதம் செருகாத ஒரு பக்கத்தைப் புரட்டினார். "மத்த நாள்ல பத்து மணிக்கு முன்னாடி நீங்க எங்க நிப்பீங்க?"

"கதவுகிட்ட. ஓடிருவான்னு."

"கையில?"

"கேட்டுச் சாவி."

"சாவி சத்தம் போடுமா?"

போடும். பயம் வந்தால் நான் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருப்பேன். அது எனக்கே தெரியாது. லாரி வந்த அன்றிலிருந்து, நான் வகுப்பில் இருந்த ஒவ்வொரு நாளும், அவள் எழுவதற்கு முன்பே நான் எழுந்து, கதவருகில் போய், சாவியை உருட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். கதவு திறக்கப் போகிறது, வெளியே போகும் நேரம் வந்துவிட்டது என்று அந்தப் பிள்ளைக்கு நான் தினமும் அறிவிப்புக் கொடுத்திருக்கிறேன். அவள் எழுந்தால் பிடித்து அமுக்கியும் இருக்கிறேன்.

"முதல் கட்டத்துல விசிறி இருக்கு, பாட்டு இருக்கு, வாசன இருக்கு" என்றார் ஷாமினி டீச்சர். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. "நீங்கதான் இல்ல."

மறுநாள் என்னைப் பின்பக்கம் கைகழுவும் தொட்டி அருகே உட்கார வைத்தார்கள். சாவி தேவகி டீச்சரின் மேசைக்குள் போனது. பத்து மணி நெருங்கியது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தரணி கதவைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மஞ்சள் மணி ஒன்றைத் தேடி எடுத்துக் கோத்தாள். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் ஓடினாள், மாதத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை. ஆனால் மணிக்கட்டு ஆறியது. வேறு இடம் என்ற பேச்சும் நின்றது.

ஷாமினி டீச்சருக்குப் பி.எச்.டி. ஆசை வந்தது அங்கேதான். "பிள்ளைங்களப் பத்தி எழுதிட்டாங்க, டீச்சருங்களப் பத்தி எழுதிட்டாங்க. பக்கத்துலயே நிக்கிற உங்க ஆளுங்களப் பத்தி யாரும் பெருசா எழுதலண்ணே. நீங்க என்ன பண்ணா பிள்ளைங்க என்ன பண்ணுதுங்கன்னு வகுப்புக்குள்ள உட்கார்ந்து பார்க்கணும்" என்றார். மூன்று இடங்களில் விண்ணப்பித்தார். மூன்றிலும் இடம் கிடைத்தது. அதைப் பேசத்தான் அந்தப் புதன்கிழமை கூடினோம்.

முதலாவது, தீவிலேயே இருந்த பல்கலைக்கழகம். வேலையை விடாமல் பகுதி நேரமாகப் படிக்கலாம். மேற்பார்வையாளர் மரியாதையான மனிதர், ஆனால் அவர் செய்வதெல்லாம் கேள்வித்தாள் ஆராய்ச்சி. இரண்டாவது கோலாலம்பூரில், சனிக்கிழமை வகுப்பு, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று விளம்பரம். மூன்றாவது ஆஸ்திரேலியாவில். அங்கே மேற்பார்வையாளராக இருந்த அம்மாள் வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்குள்ளேயே உட்காருபவராம். ஷாமினி டீச்சரின் கடிதத்துக்கு நான்கு பக்கம் கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். அந்த மூன்று கட்டப் பக்கம் ஒன்றை, பெயரை மறைத்துவிட்டு, பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தார். அந்தப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைத்திருந்தது. ஆனால் குடும்பத்துக்கு வெளியே, நிரந்தர வேலையில் இருக்கும் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். படிப்பை முடிக்காவிட்டால், அவரால் திருப்பிக் கட்ட முடியாதபோது, ஜாமீன்காரர் கட்ட வேண்டும். பாரத்தில் போட்டிருந்த தொகை மூன்று லட்சத்து இருபதாயிரம் வெள்ளி.

தேவகி டீச்சர் பாரத்தின் ஒவ்வொரு வரியையும் பென்சிலால் தொட்டுப் படித்தார். பிறகு பேனா எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பாரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க நாதன்."

"நின்னுக்கிறேன் டீச்சர்."

"அண்ணே," என்றார் பிரகாஷ், "இவ முடிக்காம வந்துருவான்னு பயப்படறீங்களா? கல்யாணமாகி ஒன்பது வருசம். ஒரு சண்டையக்கூட இவ பாதியில விட்டதில்ல."

"அதுக்கில்ல தம்பி. உடம்புக்கு முடியாமப் போனா? உங்க பிள்ளைக்கு அங்க குளிர் ஒத்துக்கலன்னா? அந்த அம்மா திடீர்னு வேலைய விட்டுட்டுப் போயிட்டா?"

"போனா வேற ஆள் தருவாங்கண்ணே. அதையும் எழுதிக் கேட்டுட்டேன்" என்றார் ஷாமினி டீச்சர்.

"எனக்கு இருக்கறது பாகான் டாலாம்ல ஒரு வீடு. அதுவும் கடன்ல. எம் பொண்ணு இன்னும் படிக்கிறா."

பாரம் என் பக்கமே கிடந்தது. அதனால் இன்னும் பேசினேன். "பக்கத்துலயே ஒன்னு இருக்கே டீச்சர். பஸ்ஸுலயே போயிட்டு வந்துரலாம். வேலையும் போகாது. படிப்புன்னா எல்லாம் ஒன்னுதானே. பட்டம் அதே பட்டம்தானே."

அப்படித்தான் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாத விஷயத்தில், தெரிந்தவன் மாதிரி.

அப்போது மேசைக்கு அடியிலிருந்து தரணி வெளியே வந்தாள். வெறுங்காலோடு என் பக்கம் வந்து, கதவைப் பார்த்து, மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அண்ணே, கதவு" என்றார் ஷாமினி டீச்சர்.

நகர்ந்தேன். என் கை சட்டைப் பையில் இருந்தது, உள்ளே வீட்டுச் சாவி. வெளியே வேன் ஹாரன் அடித்தது. தேவகி டீச்சர் என் கையெழுத்தில்லாத பாரத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். கூட்டம் அவ்வளவுதான். அன்றைய நோட்டில் நான் எழுதியது: முன், வேன் ஹாரன். ஹாரன் பிறகுதான் அடித்தது. அந்தப் பக்கத்தைத் தேவகி டீச்சர் படித்தார். பென்சில் அந்த வரியில் நின்றது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு தடவைதான் கேட்காமல் விட்டார்.

வெள்ளிக்கிழமை ஷாமினி டீச்சர் தீவுப் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் சொன்னார். கட்டணத்துக்கும் மற்ற செலவுக்கும் கூட்டுறவுக் கழகத்தில் இருபத்தெட்டாயிரம் வெள்ளி கடன் எடுத்தார். பத்து வருடத் தவணை, சம்பளத்தில் மாதம் முந்நூற்று இருபத்தேழு வெள்ளி பிடிப்பார்கள். அதற்கும் ஒரு ஜாமீன் வேண்டும். நானே கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தெட்டாயிரம் என்பது ஓட்டிப் பழசான ஒரு காடியின் விலை. அந்த அளவு பயத்தோடு என்னால் தூங்க முடியும்.

முதல் வருடமே மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார், வகுப்புக்குள் உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் நடக்காத காரியம், அனுமதி கிடைக்காது, கேள்வித்தாள் அனுப்புங்கள் என்று. ஷாமினி டீச்சர் அனுப்பினார். எனக்கும் ஒன்று வந்தது. 'உதவியாளர் மாணவரின் நடத்தைக்கான காரணத்தைப் புரிந்துகொள்கிறார்.' ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டமிட வேண்டும். நான் நான்குக்கு வட்டம் போட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. அந்தத் தாளில் கதவுக்கும் சாவிக்கும் இடமில்லை.

மூன்றாம் வருடம் மேற்பார்வையாளர் வேறு மாநிலத்துக்கு மாறிப் போனார். நான் ஆஸ்திரேலிய அம்மாளைப் பற்றிப் பயந்தது, பக்கத்தில் இருந்தவரிடம் நடந்தது. புதிதாக வந்தவர் காது கேளாத பிள்ளைகளின் கல்வியில் கெட்டிக்காரர். தலைப்பை மாற்றினால்தான் தன்னால் வழிகாட்ட முடியும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஷாமினி டீச்சர் ஒரு வருடம் இழுத்துப் பார்த்தார். நான்காம் வருட முடிவில் ஒரு நாள், வகுப்புப் பிள்ளைகள் வண்ணம் தீட்டிய தூரிகைகளைத் தொட்டியில் கழுவிக்கொண்டே சொன்னார்.

"நிறுத்திட்டேண்ணே."

"எத டீச்சர்?"

"படிப்ப." தூரிகைகளை உதறிக் காய வைத்தார். "அந்தத் துண்ட எடுங்க, தரை ஈரமா இருக்கு. ராகுல் வழுக்கிருவான்."

துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று, போன வருடம், கேக் வெட்டி எல்லாரும் போன பிறகு அவரிடம் பேசினேன். என் பயத்தால்தான் இப்படி ஆனது, கடனில் மிச்சத்தை நான் கட்டுகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"மறுபடியும் தப்பா எழுதறீங்கண்ணே. அப்ப உங்கள விட்டுட்டு எழுதனீங்க. இப்ப உங்கள மட்டும் எழுதறீங்க. அந்த ரூம்ல நானும்தானே இருந்தேன்? பள்ளிக்கூடத்துல நிரந்தர வேலையில இருபத்தஞ்சு டீச்சருங்க. வியாழக்கிழம முழுசும் இருந்துச்சு. யார்கிட்டயாவது போய்க் கேட்டேனா? கேக்கல. உங்க பயம் எனக்கு வசதியா இருந்துச்சு. நான் பயந்தேன்னு சொல்லிக்க வேண்டியதில்ல பாருங்க."

பெரியில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. களைப்பாக இருந்தது.

புனிதா டீச்சர், உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், உங்களுக்கு வழிகாட்டப் போகிறவர் கடைசியாக எப்போது ஒரு வகுப்புக்குள் உட்கார்ந்தார் என்று கேளுங்கள். அவரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள், முடிக்காதவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவர் போய்விட்டால் யார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் பார்க்க நினைப்பதை அவர்கள் முறையில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பஸ்ஸில் போகலாம் என்பது கடைசிக் காரணமாக இருக்கட்டும். எந்த இடம் மனதில் நின்றாலும், அதற்கு முன் கட்டத்தில் யாரெல்லாம் நின்றார்கள் என்று எழுதிப் பாருங்கள். உங்கள் பெயரையும் சேர்த்து.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ஆஸ்திரேலிய அம்மாள் இந்த வருடம் மறுபடி எழுதியிருக்கிறார். இடம் தர இன்னும் விருப்பமாம். இந்தத் தடவை ஜாமீனுக்கு இரண்டு டீச்சர்கள் தயாராக இருக்கிறார்கள், ஷாமினி டீச்சர் தானே போய்க் கேட்டிருக்கிறார். நான் நிற்க முடியாது, ஓய்வு பெற்றவர்களை அந்தப் பாரம் ஏற்காது. ஆனால் படிப்பு விடுப்பில் பாதிச் சம்பளம்தான். அதில் கூட்டுறவுக் கழகத் தவணையும் போனால் வீடு ஓடாது என்று பிரகாஷ் கணக்குப் போட்டிருக்கிறார். கடன் முடிய மூன்று வருடம் ஆகும். உபகாரச் சம்பளத்தின் வயது வரம்பை டீச்சர் இரண்டு வருடத்தில் தாண்டிவிடுவார்.

திங்கட்கிழமை நான் கூட்டுறவுக் கழகத்துக்குப் போனேன். ஜாமீன்காரன் என்பதால் பாக்கியைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. கட்டவும் உண்டு, கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டியதில்லை என்று கவுன்டரில் இருந்த பெண் சொன்னார். வங்கிப் புத்தகம் சட்டைப் பையில் இருந்தது. ஓய்வுப் பணம் அதில் இருக்கிறது. என் மனைவியும் சரி என்று சொல்லிவிட்டாள். கையைப் பையில் விட்டபோது விரல் சாவிக்கொத்தில் பட்டது. கையை வெளியே எடுத்தேன். பிறகு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை ஷாமினி டீச்சருக்குப் போன் செய்து, கட்டட்டுமா என்று கேட்டேன். பின்னால் அவர் வீட்டுப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழம சொல்றேண்ணே. அதுவரைக்கும் எங்கயாவது உட்காருங்க."

இன்று புதன். வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். போன் அடுத்த அறையில் இருக்கிறது. கவுன்டரில் தந்த சீட்டு என் முன்னால் இருக்கிறது. பாக்கி, பதினோராயிரத்து எழுநூற்று எழுபத்திரண்டு வெள்ளி.